குதிரைக் குளம்பு நோய்கள்

குதிரைக் குளம்பு நோய்கள் என்பவை, குதிரையின் காலடியில் உள்ள கடினமான கொம்பு உறையையும் அதனுள் அடங்கியுள்ள எலும்பு, தசைநாண், இரத்தக் குழாய் ஆகியவற்றையும் தாக்கும் நோய்கள் ஆகும். குதிரை நொண்டினால், குறிப்பாக முன்காலில் நொண்டினால், அதற்குக் காரணம் பெரும்பாலும் குளம்பிலேயே இருக்கும். தோளிலும் முழங்காலிலும் காரணத்தைத் தேடும் முன் குளம்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்பது கால்நடை மருத்துவத்தின் பால பாடம்.

இந்நோய்களுள் சில ஓரிரு நாளில் குணமாகிவிடும். சில குதிரையின் உயிரைக் கொண்டுபோகும். முதல் நாளில் இவ்விரு வகையும் ஏறத்தாழ ஒரே தோற்றத்தில் வருவதுதான் சிக்கல். சூடேறிய குளம்பு, துடிக்கும் நாடி, அடியெடுத்து வைக்க மறுக்கும் குதிரை ஆகியவை இரண்டிலும் உண்டு. ஆனால் ஒன்றுக்குச் செய்யும் மருத்துவம் மற்றொன்றுக்குப் பயன்படாது. சில நேரம் கேடாகவும் முடியும். ஆகவே குளம்பு நோயில் மருந்தைவிட நோயைச் சரியாகப் பிரித்தறிவதே முதன்மையானது.

குளம்பின் அமைப்பு

குதிரை ஒவ்வொரு காலிலும் ஒரே விரலை ஊன்றி நிற்கும் விலங்கு. மாடு, ஆடு போன்றவற்றுக்குக் குளம்பு இரண்டாகப் பிளந்திருக்கும். குதிரைக்கு அது ஒற்றைக் குளம்பு. மனிதனின் நடுவிரலும் அதன் நகமும் பெருத்து, உடல் முழுவதையும் தாங்குவதாகக் கற்பனை செய்தால் குளம்பின் அமைப்பு ஓரளவு புரியும். சுமார் 450 முதல் 500 கிலோ எடையுள்ள குதிரையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டு எடையை முன்கால்கள் இரண்டும் சுமக்கின்றன. குளம்பு நோய்கள் முன்கால்களில் அதிகம் காணப்படுவதற்கு இது ஒரு காரணம்.

வெளியிலிருந்து பார்க்கும்போது தெரிவது குளம்புச் சுவர். இது மயிரும் குளம்பும் சேரும் மேல்விளிம்பிலிருந்து கீழ்நோக்கி வளர்கிறது. வளர்ச்சி மாதத்திற்குச் சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டர். குளம்பின் முன்பகுதி முழுவதும் புதிதாக மாற 9 முதல் 12 மாதங்கள் ஆகும். காலைத் தூக்கிக் கீழ்ப்புறத்தைப் பார்த்தால் சற்றுக் குழிந்த அடித்தட்டும், அதன் பின்பாதியில் ஆப்பு வடிவில் ரப்பர் போன்ற ஒரு மெத்தையும் தெரியும். இந்த மெத்தைக்கு ஆங்கிலத்தில் ஃபிராக் என்று பெயர். தவளை என்று பொருள்படும் இப்பெயரையே குதிரை வளர்ப்போர் பலரும் வழங்குகின்றனர். அதன் இருபுறமும் நடுவிலும் பள்ளங்கள் உண்டு. சுவரும் அடித்தட்டும் சேரும் இடத்தில் மங்கலான மஞ்சள் நிறத்தில் ஒரு வளையம் ஓடுகிறது. இதன் பெயர் வெண்கோடு. குளம்பின் வலுவற்ற பொருத்து இதுவே. அழுக்கும் கிருமியும் உள்ளே புகும் வழியும் பெரும்பாலும் இதுவே.

குளம்பினுள் இருக்கும் பெரிய எலும்பு குளம்பெலும்பு. இது அடித்தட்டின்மேல் உட்கார்ந்திருப்பதாகப் பலர் எண்ணுவர். உண்மையில் அது சுவரிலிருந்து தொங்குகிறது. எலும்பைச் சுற்றியும் சுவரின் உட்புறத்திலும் மெல்லிய தகடுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. காளானின் அடிப்பக்கத்து மடிப்புகளைப் போன்ற இவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு எலும்பைப் பிடித்து நிற்கின்றன. ஒரு குளம்பில் 550 முதல் 600 வரை முதன்மைத் தகடுகள் இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் இன்னும் நுண்ணிய தகடுகள் கிளைக்கின்றன. குதிரையின் முழு எடையும் இந்தக் கோப்பில்தான் தொங்குகிறது.

இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். குளம்பு ஒரு மூடிய பெட்டி. உடலின் வேறு எந்தப் பகுதியில் அழற்சி ஏற்பட்டாலும் தோல் வீங்கி இடம் கொடுக்கும். குளம்புச் சுவர் அப்படி நெகிழாது. உள்ளே சிறிதளவு சீழ் சேர்ந்தாலும் அழுத்தம் ஏறி, கால் முறிந்ததோ என்று ஐயுறும் அளவுக்கு வலி உண்டாவது இதனால்தான்.

நோயைக் கண்டறிதல்

குதிரையைத் தொடுவதற்கு முன் அது நிற்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஒரு முன்காலை மட்டும் முன்னே நீட்டி, நுனியை ஊன்றி நின்றால் அந்தக் காலில் வலி உள்ளது. இரண்டு முன்கால்களையும் முன்னே நீட்டி, பின்கால்களை வயிற்றுக்கு அடியில் கொண்டுவந்து, எடையைப் பின்னோக்கிச் சாய்த்து நின்றால் தகட்டழற்சியை ஐயுற வேண்டும்.

அடுத்து, கெட்டியான சமதரையில் கயிற்றைத் தளரப் பிடித்து நேராக நடத்தியும் மெல்ல ஓடவிட்டும் பார்ப்பர். வலியுள்ள முன்கால் தரையில் படும்போது குதிரை தலையை மேலே தூக்கும்; நல்ல கால் படும்போது தலை தாழும். தலை தாழும்போது ஊன்றும் காலில்தான் நோய் என்று புதியவர்கள் எண்ணிக்கொள்வதுண்டு. உண்மை அதற்கு நேர்மாறானது. பின்கால் நொண்டலில் தலையைவிட இடுப்பின் ஏற்ற இறக்கமே தெளிவாகத் தெரியும். இரு முன்கால்களிலும் ஒரே அளவு வலி இருந்தால் தலையாட்டம் தெரியாமலே போகலாம். அப்போது குதிரை குறுகிய அடிகளாக, முட்டையின்மேல் நடப்பதுபோல் நடக்கும்.

பிறகு கையால் தொட்டுப் பார்த்தல். இரு குளம்புகளின் சூட்டையும் புறங்கையால் ஒப்பிட வேண்டும். வெயிலில் நின்ற குதிரையின் குளம்புகள் எல்லாமே சூடாகத்தான் இருக்கும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருப்பதே பொருள் உடையது. கணு மூட்டின் பின்புறம், இரு பக்கமும் விரல்களை மெல்ல வைத்தால் குளம்புக்குச் செல்லும் தமனியின் துடிப்பை உணரலாம். நலமான குதிரையில் இத்துடிப்பு மிக மெல்லியது. தேடித்தான் பிடிக்க வேண்டும். அது விரலில் மோதுவதுபோல் அடித்தால் குளம்புக்குள் அழற்சி இருக்கிறது. விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படாத இச்சோதனையைக் குதிரை வைத்திருப்பவர் ஒவ்வொருவரும், குதிரை நலமாக இருக்கும்போதே, பழகிக்கொள்வது நல்லது. வழக்கமான துடிப்பு எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் மாற்றம் தெரியும்.

இதன்பின் குளம்பின் அடியைச் சுத்தம் செய்து, அகன்ற வாயுள்ள சோதனை இடுக்கியால் அடித்தட்டையும் சுவரையும் சேர்த்துச் சிறிது சிறிதாக அழுத்திக்கொண்டே வருவர். ஒரே ஒரு புள்ளியில் அழுத்தும்போது மட்டும் குதிரை காலை இழுத்தால் சீழ்க்கட்டியோ ஆணிக் காயமோ இருக்கலாம். குளம்பின் முன்பகுதி முழுவதும், அதுவும் இரு கால்களிலும் வலித்தால் தகட்டழற்சி. ஃபிராக்கின் குறுக்கே அழுத்தும்போது வலித்தால் குளம்பின் பின்பகுதி நோய்.

இவ்வளவுக்குப் பிறகும் இடம் பிடிபடாவிட்டால் மருத்துவர் நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசியைக் கீழிருந்து மேலாக ஒவ்வோர் இடமாகப் போட்டுப் பார்ப்பார். எந்த ஊசிக்குப் பிறகு நொண்டல் நிற்கிறதோ அந்த ஊசி மரக்கச் செய்த பகுதியில் நோய் இருக்கிறது. எலும்பின் நிலையை அறிய எக்ஸ்-கதிர்ப் படமும், மென்மையான பகுதிகளைக் காணக் காந்த ஒத்ததிர்வுப் படமும் உதவுகின்றன.

குளம்புச் சீழ்க்கட்டி

நேற்றுவரை நன்றாக ஓடிய குதிரை இன்று காலையில் ஒரு காலைத் தரையில் வைக்கவே மறுக்கிறது என்றால், மிக அதிக வாய்ப்புள்ள காரணம் சீழ்க்கட்டி. வெண்கோட்டில் ஏற்பட்ட சிறு பிளவு வழியாகவோ, கல் குத்திய காயம் வழியாகவோ கிருமிகள் உள்ளே புகுந்து சீழ் கட்டுகிறது. மழைக்காலத்தில் குளம்பு ஊறி மென்மையாவதும், கோடையில் உலர்ந்து வெடிப்பதும், இரண்டும் மாறி மாறி வருவதும் இதற்கு வழிசெய்கின்றன.

மருத்துவத்தின் அடிப்படை எளிது. சீழ் வெளியேற வழி வேண்டும். அடித்தட்டைச் சுரண்டும்போது தெரியும் கரும்புள்ளியையோ கருங்கோட்டையோ பின்தொடர்ந்து, வளைந்த முனையுள்ள குளம்புக் கத்தியால் சிறு துளை இட்டால் சாம்பல் அல்லது கறுப்பு நிறத்தில் நாற்றமுள்ள சீழ் வரும். துளை சிறியதாக இருக்க வேண்டும். ஆர்வ மிகுதியால் அடித்தட்டைப் பெரிதாகக் குடைந்துவிட்டால் உள்ளிருக்கும் சதை பிதுங்கி வெளியே வந்து, நோயைவிடக் காயமே ஆறுவதற்கு நாள் எடுக்கும். பிறகு எப்சம் உப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவைத்தோ, மாப்பற்று வைத்துக் கட்டியோ எஞ்சிய சீழை இழுப்பர். கட்டின்மேல் நீர் புகாத உறை போடுவது அவசியம்.

சீழ் வெளியேறியதும் பெரும்பாலான குதிரைகள் ஓரிரு நாளில் காலை ஊன்றிவிடும். வடிகால் கிடைத்துவிட்டால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பொதுவாகத் தேவைப்படாது. ஆனால் டெட்டனஸ் தடுப்பைத் தவறவிடக் கூடாது. வீட்டு விலங்குகளில் டெட்டனஸ் நச்சுக்கு மிக எளிதில் இரையாவது குதிரையே. குளம்புக் காயம் அக்கிருமிக்கு ஏற்ற, காற்றுப் புகாத இடம்.

சீழுக்குக் கீழே வழி கிடைக்காவிட்டால் அது சுவரின் உட்புறமாக மேலேறி, மயிர் விளிம்பில் உடைத்துக்கொண்டு வரும். கீழே புகுந்த சரளைக்கல் மேலே ஏறி வெளிவருகிறது என்று முற்காலத்தில் நம்பியதால் ஆங்கிலத்தில் இதற்குச் சரளை என்றே ஒரு பெயர் உண்டு. கல் ஏறுவதில்லை, சீழ்தான் ஏறுகிறது. வடிகால் கிடைத்தும் வலி குறையவில்லை, அல்லது அதே இடத்தில் திரும்பத் திரும்பச் சீழ் கட்டுகிறது என்றால், குளம்பெலும்பில் தொற்று பரவியுள்ளதா என்று எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆணி குத்துதல்

குளம்பில் ஆணி ஏறியிருப்பதைக் கண்டால் உடனே பிடுங்கிப் போடத்தான் கை போகும். பெரும்பாலான மருத்துவர்கள் அதைச் செய்யாதீர்கள் என்றே சொல்வர். ஃபிராக்கின் நடுப்பகுதிக்கு மேலே ஆழ் மடக்குத் தசைநாண், நாவிக்குலர் எலும்பு, அதனை ஒட்டிய நீர்ப்பை, குளம்பு மூட்டு ஆகியவை அடுக்கடுக்காக உள்ளன. ஆணி இவற்றில் எதைத் தொட்டது என்பதை, ஆணி இருக்கும் நிலையிலேயே எடுக்கும் எக்ஸ்-கதிர்ப் படம் ஒரே பார்வையில் காட்டிவிடும். பிடுங்கியபின் ஃபிராக்கின் நெகிழ்வான சதை துளையை மூடிக்கொள்ளும். எங்கே குத்தியது என்பதே தெரியாமல் போகும்.

மருத்துவர் வரும்வரை ஆணி இன்னும் ஆழமாக ஏறாதபடி, ஆணிக்கு இருபுறமும் மரக்கட்டை வைத்துக் கட்டலாம். குதிரை நிலைகொள்ளாமல் மிதித்து ஆணியை மேலும் ஏற்றிவிடும் என்றால் எடுத்துவிட வேண்டியதுதான். அப்போது குத்திய இடத்தை அடையாளமிட்டு, எந்தச் சாய்வில் எவ்வளவு ஆழம் போயிருந்தது என்பதைக் குறித்து, ஆணியையும் பத்திரப்படுத்த வேண்டும். நீர்ப்பையிலோ மூட்டிலோ தொற்று ஏற்பட்டால் அறுவை மருத்துவத்தால் கழுவினால்தான் பிழைக்கும்; ஓரிரு நாள் தாமதம்கூட விளைவை மாற்றிவிடும்.

லாடம் அடித்த அன்றோ அடுத்த சில நாட்களிலோ நொண்டத் தொடங்கினால் லாட ஆணிகளைத்தான் முதலில் ஐயுற வேண்டும். ஆணி உயிருள்ள சதையைத் தொட்டிருக்கலாம். அல்லது தொடாமல் மிக அருகில் சென்று அழுத்திக்கொண்டிருக்கலாம். ஒவ்வோர் ஆணியின் தலையையும் மெல்லத் தட்டிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். அதை எடுத்துத் துளையைக் கழுவினால் பெரும்பாலும் தீரும்.

தகட்டழற்சி

லேமினைட்டிஸ் எனப்படும் தகட்டழற்சி, குளம்பு நோய்களில் மிகக் கொடியது. எலும்பையும் சுவரையும் கோக்கும் தகடுகள் நலிந்து விட்டுக்கொடுப்பதே இந்நோய். பிடிப்பு தளர்ந்ததும், மேலிருந்து உடல் எடை அழுத்த, பின்னாலிருந்து ஆழ் மடக்குத் தசைநாண் இழுக்க, குளம்பெலும்பு தன் இடத்திலிருந்து சுழன்று நுனி கீழ்நோக்கித் திரும்புகிறது. சில குதிரைகளில் எலும்பு முழுவதுமாகக் கீழே அமிழ்ந்துவிடும். முற்றிய நிலையில் எலும்பின் நுனி அடித்தட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே தெரியும்.

நோய் தோன்றுவது குளம்பில் என்றாலும் காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். காரணங்களை மூன்று வகையாகப் பிரிப்பர். மிகப் பரவலானது இன்சுலின் சார்ந்தது. கொழுத்த உடலும், கழுத்தின் மேல்விளிம்பில் தடித்த கொழுப்பும் உடைய குதிரைகளிலும் மட்டக்குதிரைகளிலும், மூளையடிச் சுரப்பி நோயுள்ள முதிய குதிரைகளிலும் இன்சுலின் அளவு மிகுந்திருக்கும். 2007இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், நலமான மட்டக்குதிரைகளின் இரத்தத்தில் இன்சுலினைத் தொடர்ந்து உயர்த்தி வைத்தபோது மூன்று நாட்களுக்குள் அவை தகட்டழற்சிக்கு உள்ளாயின. அதுவரை தீவனத்தையும் குடலையும் மட்டுமே குறைகூறி வந்த துறையில் இது பெரும் திருப்பம். சர்க்கரைச் சத்து மிகுந்த இளம்புல்லை மேயவிடுவது ஏன் ஆபத்து என்பதும் இதனால் தெளிவாயிற்று.

இரண்டாவது வகை, உடல் முழுவதையும் தாக்கும் நச்சுத்தன்மையால் வருவது. குதிரை கட்டவிழ்த்துக்கொண்டு தானிய மூட்டையில் வாய் வைத்துவிட்டால் பெருங்குடலில் தானியம் புளித்து, குடற்சுவர் கெட்டு, நச்சு இரத்தத்தில் கலக்கிறது. கடும் வயிற்றுப்போக்கும், ஈன்ற குதிரையின் நஞ்சுக்கொடி வெளியேறாமல் தங்கிவிடுவதும் இதே விளைவைத் தரும். நஞ்சுக்கொடி மூன்று மணி நேரத்துக்குள் விழாவிட்டால் அவசர நிலையாகக் கருத வேண்டும். தானியம் தின்ற குதிரை அன்று நலமாகவே தோன்றும். நொண்டல் ஒரு நாள், இரண்டு நாள் கழித்தே தெரியும். அதற்குள் தகடுகளில் கேடு நடந்து முடிந்திருக்கும். நொண்டட்டும் பார்ப்போம் என்று காத்திருப்பது இங்கே செய்யக் கூடாத பிழை.

மூன்றாவது வகை, ஒரு காலில் காயம்பட்ட குதிரை எடை முழுவதையும் எதிர்க்காலில் சுமப்பதால் அந்த நல்ல காலில் வருவது. 2006ஆம் ஆண்டு கென்டக்கி டெர்பியை வென்ற பார்பரோ என்ற குதிரையின் கதை இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அதே ஆண்டு மே மாதம் பிரீக்னஸ் பந்தயத்தில் அதன் வலப் பின்கால் நொறுங்கியது. அறுவை மருத்துவத்தில் எலும்புகள் தகடும் திருகுகளும் கொண்டு இணைக்கப்பட்டன. முறிவு சேர்ந்துகொண்டு வந்தபோது, ஜூலையில் இடப் பின்காலில் தகட்டழற்சி தொடங்கியது. பல மாதப் போராட்டத்துக்குப் பின் 2007 ஜனவரி 29 அன்று அதைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது. 1973இல் அமெரிக்காவின் முப்பெரும் பந்தயங்களையும் வென்ற செக்ரெட்டேரியட்டும் 1989 அக்டோபரில் தகட்டழற்சியாலேயே கருணைக்கொலைக்கு உள்ளானது. பணமோ மருத்துவ வசதியோ குறைவில்லாத இடங்களில் வாழ்ந்த குதிரைகள் இவை.

நோயின் கடுமையை அளவிட, 1948இல் சுவீடன் நாட்டுக் கால்நடை மருத்துவர் நீல்ஸ் ஓபல் வகுத்த நான்கு படிகள் இன்றும் பயன்படுகின்றன. முதற்படியில் குதிரை ஓயாமல் காலை மாற்றி மாற்றி ஊன்றும். இரண்டாம் படியில் விறைத்த நடை, ஆனால் காலைத் தூக்கவிடும். மூன்றாவதில் நடக்கத் தயங்கும், காலைத் தூக்கவிடாது. நான்காவதில் வற்புறுத்தினாலொழிய நகராது.

மருத்துவத்தில் நேரமே முதல் மருந்து. தானியம் தின்றது தெரிந்தவுடனேயே, நோய்க்குறி தோன்றும் முன், குளம்பு முதல் முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை பனிக்கட்டி கலந்த நீரில் தொடர்ந்து 48 முதல் 72 மணி நேரம் வைத்திருப்பது தகடுகளைக் காக்கும் என்பது நச்சு வகை நோயில் நன்கு நிறுவப்பட்டுள்ளது. அரை மணி நேரம் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சுவது இதற்கு ஈடாகாது. வலியையும் அழற்சியையும் குறைக்க ஃபினைல்பியூட்டசோன், ஃபுளூநிக்சின் போன்ற மருந்துகளை மருத்துவர் அளவறிந்து தருவார். அளவு மிஞ்சினால் இவை குடற்புண்ணும் சிறுநீரகக் கேடும் உண்டாக்கும். தடித்த மரத்தூளோ மணலோ பரப்பிய தரையில் குதிரை விரும்பினால் படுக்க விட வேண்டும். அடித்தட்டின் பின்பகுதிக்கும் ஃபிராக்குக்கும் மெத்தை வைத்துக் கட்டி, எடை முன்சுவரில் விழாமல் செய்வர். நடக்கவைத்தால் இரத்த ஓட்டம் பெருகும் என்ற பழைய எண்ணத்தில் வலிக்கும் குதிரையை நடத்துவது, தளர்ந்த தகடுகளைக் கிழிப்பதற்குச் சமம்.

இன்சுலின் வகையில் காரணத்தை நீக்காமல் குளம்பை மட்டும் பார்ப்பது வீண். தானியத்தையும் பசும்புல்லையும் நிறுத்தி, உலர் புல்லை நீரில் ஊறவைத்துச் சர்க்கரையைக் கரைத்து வெளியேற்றி அளந்து போடுவர். மூளையடிச் சுரப்பி நோய்க்குப் பெர்கோலைடு மருந்து உண்டு. கடும் நிலை தணிந்தபின், பக்கவாட்டு எக்ஸ்-கதிர்ப் படத்தைப் பார்த்து எலும்பின் சுழற்சிக்கு ஏற்பக் குளம்பைச் செதுக்கி, தகுந்த லாடம் பொருத்துவது மருத்துவரும் லாடக்காரரும் சேர்ந்து செய்யும் பணி. நலமாகும் குதிரைக்கும் ஒரு முழுக் குளம்பு புதிதாக வளர ஓராண்டு தேவை. எலும்பு அமிழ்ந்த, வலி அடங்காத குதிரைக்கு முடிவை அமைதியாக்குவது இரக்கமே. அதை மருத்துவத்தின் தோல்வியாகக் கொள்ள வேண்டியதில்லை.

ஃபிராக் அழுகலும் கேங்கரும்

திரஷ் எனப்படும் ஃபிராக் அழுகலைக் கண்ணுக்கு முன் மூக்கே கண்டுபிடிக்கும். ஃபிராக்கின் பள்ளங்களில் கறுப்பாக, கடும் நாற்றத்துடன் கசியும். சாணமும் சிறுநீரும் தேங்கிய லாயத்தில் நிற்பதும், குளம்பை அன்றாடம் துப்புரவு செய்யாததும், ஓட்டமின்றி ஒரே இடத்தில் கட்டி வைப்பதும் காரணங்கள். காற்றில்லாத அழுக்கில் வளரும் நுண்ணுயிர்கள் ஃபிராக்கின் கொம்புப் பொருளைத் தின்கின்றன. அழுகிய பகுதியைச் செதுக்கி, கழுவி, உலர்த்தி, அயோடின் கரைசலோ மயில்துத்தம் கலந்த மருந்தோ தடவினால் சில நாட்களில் ஆறும். தரையை உலரவைக்காமல் மருந்து மட்டும் தடவினால் அடுத்த மாதம் மீண்டும் வரும்.

கேங்கர் பார்வைக்கு இதுபோலத் தோன்றினாலும் வேறு நோய். இங்கே கொம்புப் பொருள் அரிக்கப்படுவதில்லை; மாறாகக் காலிஃபிளவர் பூவைப்போல் வெளிறிய, ஈரமான சதை பெருகி வளரும். தொட்டால் இரத்தம் கசியும். திரஷுக்குரிய மருந்தை வாரக்கணக்கில் போட்டும் ஆறாத அழுகலைக் கேங்கர் என்று ஐயுற்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். நோயுற்ற சதையை மயக்க மருந்து கொடுத்து அகற்றி, நாள்தோறும் கட்டு மாற்றி, நீண்ட நாள் பராமரிக்க வேண்டியிருக்கும்.

வெண்கோட்டு நோயும் வெடிப்புகளும்

வெண்கோட்டின் வழியே பூஞ்சையும் நுண்ணுயிரும் புகுந்து சுவரின் உள்ளடுக்கை மாவுபோல் உதிர்த்துவிடும் நோய் வெண்கோட்டு நோய். வெளியே குளம்பு நலமாகவே தெரியும். தட்டினால் பொள்ளல் ஓசை கேட்கும். உட்புறம் குடைந்துபோன சுவரை முழுவதுமாக வெட்டித் திறந்து காற்றுப்படச் செய்வதே மருத்துவம். மூடிய பொந்துக்குள் மருந்தை ஊற்றுவதால் பயன் குறைவு. வெட்டிய இடம் மறைய மாதங்கள் ஆகும்.

சுவரில் மேலிருந்து கீழாக வரும் வெடிப்புகளில் மயிர் விளிம்பைத் தொடுபவை கவனத்துக்குரியவை, ஏனெனில் சுவர் உற்பத்தியாகும் இடமே அங்கு பிளந்துள்ளது. இத்தகைய வெடிப்புகளை அசையாமல் பிணைக்க வேண்டும். தரையோரத்தில் மட்டும் உள்ள வெடிப்புகள் பெரும்பாலும் குளம்பை நேரத்தில் செதுக்காததன் விளைவு.

நாவிக்குலர் நோய்

குளம்பின் பின்பகுதியில், ஆழ் மடக்குத் தசைநாண் திரும்பிச் செல்லும் இடத்தில், கப்பிபோல் அமைந்துள்ள சிறிய எலும்பு நாவிக்குலர். இவ்வெலும்பும் அதனைச் சூழ்ந்த தசைநார்களும் நாளடைவில் தேய்ந்து நலிவதே இந்நோய். நடுவயதுக் குதிரைகளில் இரு முன்கால்களிலும் மெல்ல மெல்லத் தோன்றும். வலிக்கும் பின்பகுதியைத் தவிர்க்கக் குளம்பின் நுனியை முதலில் ஊன்றும், அடிகள் குறுகும், அடிக்கடி இடறும். குளம்பின் பின்பகுதிக்குச் செல்லும் நரம்பை மரக்கச் செய்தால் நொண்டல் ஒரு காலிலிருந்து மறு காலுக்குத் தாவுவதைக் காணலாம்.

முழுக் குணம் கிடையாது. பல ஆண்டுகள் வேலை செய்யும்படி காக்க முடியும். நுனியைக் குறைத்து உருட்டிய லாடம், குதிப்பகுதியைச் சற்று உயர்த்தும் ஆப்பு, அழற்சி நீக்கிகள், எலும்புத் தேய்வைக் குறைக்கும் மருந்துகள் ஆகியவை பயன்படுகின்றன. எதுவும் பயன் தராதபோது நரம்பை வெட்டிவிடும் அறுவையும் உண்டு. வலி நின்றாலும் நோய் நிற்பதில்லை. உணர்வற்ற காலில் ஆணி ஏறினாலும் குதிரைக்குத் தெரியாது என்பதால் அதன்பின் அந்தக் கால்களை நாள்தோறும் பார்ப்பது உரிமையாளரின் கடமையாகிறது.

லாடமும் பராமரிப்பும்

குளம்பைக் காப்பது பற்றிய கவலை பழையது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்கரான செனபோன், குதிரை வாங்குபவர் முதலில் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்றும், லாயத்தின் தரை ஈரமின்றி இருக்க வேண்டும் என்றும் எழுதினார். ஆணி அடித்த லாடம் வழக்கத்திற்கு வராத காலம் அது.

இதற்கு எதிர்ப்பக்கத்துச் செய்தி பாண்டிய நாட்டிலிருந்து கிடைக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, அரேபிய, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குதிரைகள் இங்கே இறக்குமதியானதையும், ஓராண்டுக்குள் அவற்றில் பெரும்பாலானவை இறந்துபோனதையும் குறிப்பிடுகிறார். குதிரையைப் பேணவும் லாடம் கட்டி மருத்துவம் பார்க்கவும் தெரிந்தவர்கள் இங்கே இல்லை என்றும், விற்பனை குறையக் கூடாது என்பதற்காக வணிகர்கள் அத்தகையோர் இங்கு வராமல் பார்த்துக்கொண்டனர் என்றும் அவர் எழுதுகிறார். இறைச்சியோடு சேர்த்துச் சமைத்த அரிசியைக் குதிரைகளுக்குக் கொடுத்தார்கள் என்ற குறிப்பும் உண்டு. மாவுச்சத்து மிகுந்த தீவனம் குளம்பை என்ன செய்யும் என்று அறிந்த இன்றைய வாசகர் அந்த வரியில் சற்று நின்றுதான் போவார்.

லாடம் எல்லாக் குதிரைக்கும் கட்டாயமில்லை. மண்தரையில் மேயும் குதிரைக்கு வெறுங்குளம்பே போதும். உதகை, கொடைக்கானல் போன்ற இடங்களில் தார்ச்சாலையில் சவாரி போகும் மட்டக்குதிரைகளுக்கும், கல்பாதையில் சுமை தூக்குபவற்றுக்கும் தேய்மானம் வளர்ச்சியை மிஞ்சுவதால் லாடம் தேவைப்படுகிறது. லாடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்க வேண்டும். லாடம் இன்னும் தேயவில்லையே என்று விட்டுவைப்பது தவறான சிக்கனம்; தேய்வது இரும்பு, வளர்வது குளம்பு. நுனி நீண்டு குதி தாழ்ந்தால் தசைநாணின் இழுப்புக் கூடி, நாவிக்குலர் எலும்பின்மேல் அழுத்தம் ஏறுகிறது.

நாள்தோறும் ஒருமுறையேனும் கொக்கியால் குளம்பின் அடியைச் சுத்தம் செய்ய வேண்டும். குதியிலிருந்து நுனியை நோக்கி இழுத்தால் கொக்கி ஃபிராக்கைக் கீறாது. நாற்றம், புதிய வெடிப்பு, சிக்கிய கல், சூடு எல்லாம் அந்தச் சில நிமிடங்களில் கண்ணில் படும். மென்மையான, உதிரும் குளம்புள்ள குதிரைகளுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 மில்லிகிராம் பயோட்டின் தருவது பயனளிக்கலாம். ஆனால் அது புதிதாக வளரும் குளம்பை மட்டுமே மேம்படுத்தும். மேல்விளிம்பில் உருவான நல்ல குளம்பு தரையை எட்ட ஏறத்தாழ ஓராண்டு ஆகும் என்பதால், இரண்டு மாதம் கொடுத்துப் பார்த்துவிட்டு நிறுத்துவதில் பொருளில்லை.